பந்தை யார் எடுப்பது?

'விளையாட்டு பிள்ளைகளுக்கு ஒழுக்கத்தைக் கற்றுத் தருகிறது.' பள்ளி ஆண்டு விழா எதுவானாலும் இந்த வாக்கியம் மேடைக்கு வந்துவிடும். தலைமை ஆசிரியர் சொல்வார், சிறப்பு விருந்தினர் சொல்வார், கோப்பை வாங்கிக் கொடுத்த நகைக்கடைக்காரரும் சொல்வார். தோல்வியைத் தாங்குவது, விதிக்குக் கட்டுப்படுவது, கூடி ஆடுவது, எதிராளியை மதிப்பது என்று பட்டியல் நீளும். கீழே வெயிலில் வரிசையாக உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள் கை தட்டும். இந்த வாக்கியத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இதை யார் யாருக்குச் சொல்கிறார்கள்? சொல்லாமல் விட்டது எது? விளையாட்டு எதையும் கற்றுத் தருவதில்லை என்று வாதாட நான் வரவில்லை. நிறையவே கற்றுத் தருகிறது. என்ன கற்றுத் தருகிறது என்பதில்தான் தகராறு.

இது நம்ம ஊர்ச் சரக்கு கிடையாது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெரிய வீட்டுப் பிள்ளைகள் படித்த விடுதிப் பள்ளிகளில் உருவானது. ரக்பி பள்ளியைக் களமாக வைத்து தாமஸ் ஹியூஸ் 1857-இல் 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' என்ற நாவலை எழுதினார். நல்ல உடம்பு, நல்ல கிறிஸ்தவன், நல்ல அதிகாரி மூன்றும் ஒரே மைதானத்தில் விளையும் என்கிற நம்பிக்கைக்கு அந்த நாவல் கொடி பிடித்தது. சாம்ராஜ்யத்தை ஆளப் போகிற பிள்ளைகளுக்கான பயிற்சி அது. ஆளப் போகிறவனுக்குச் சொன்ன பாடம் ஆளப்படுகிறவனின் பள்ளிக்கூடத்துக்கும் கப்பலேறி வந்தது. 1920-இல் சென்னையில் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நமக்கு விசில் ஊதிய பி.டி. வாத்தியார்களின் பாட்டன் பூட்டன் வகையறா அங்கிருந்து வருகிறது.

அதற்கும் முன்னால் நடந்த ஒரு கதை இருக்கிறது. டின்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார் 1891-இல் ஸ்ரீநகரில் தான் நடத்திய மிஷன் பள்ளிக்கு ஒரு கால்பந்தைக் கொண்டுபோனார். மாணவர்களில் பெரும்பகுதி பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள். இது எதால் செய்தது என்று கேட்டார்கள். தோல் என்றதும் தொட மாட்டோம் என்றார்கள். பிஸ்கோ விடவில்லை. ஆசிரியர்கள் கையில் தடியோடு சுற்றி நிற்க, ஆட்டத்தைத் தொடங்கவைத்தார். பந்து ஒருவன் முகத்தில் அடித்துவிட்டது. தீட்டுப்பட்டுவிட்டதே என்று அழுதான் பையன். வாய்க்காலில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து ஆடு என்றார் பிஸ்கோ. கழுவினான், ஆடினான். விளையாட்டு மூடப்பழக்கத்தை உடைத்தது என்பதற்கு உதாரணமாக இதை இன்றைக்கும் சொல்வார்கள்.

உடைத்தது உண்மை, பிஸ்கோவுக்கு அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குக் கதையில் ஒரு ஆளைக் காணோம். அந்தத் தோலை உரித்தவன் எங்கே? பதப்படுத்தியவன் எங்கே? தொட்டவனுக்கு வந்த தீட்டைக் கழுவ ஒரு வாய்க்கால் போதுமானதாக இருந்தது. தோலோடேயே வாழ்கிறவனைக் கழுவ எந்த ஆறும் போதவில்லை. பறைக்குத் தோல், செருப்புக்குத் தோல், கமலை இறைக்கத் தோல், இவ்வளவையும் ஊருக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கு வெளியே நின்றவர்கள் நாம். மீரட்டில் கிரிக்கெட் பந்துக்குத் தோல் வெட்டித் தைக்கிற கைகளில் ஜாதவ் மக்களின் கைகள் இன்றும் ஏராளம். ஆட்டத்தின் ஒழுக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் பந்திலிருந்து பேச்சைத் தொடங்குவதே இல்லை.

அந்தக் கைகளில் ஒன்று பந்தைத் தைப்பதோடு நிற்காமல் வீசவும் செய்தது. பல்வாங்கர் பாலு. தார்வாடில் பிறந்த சம்பார் சாதிக்காரர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் ஜிம்கானாவில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளத்தை உருட்டி, கோடு போட்டு, வலை கட்டியவர். பயிற்சியில் துரைமார்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசி வீசியே பெரிய சுழல்பந்து வீச்சாளர் ஆனார். அவருக்கு அங்கே மட்டையைக் கொடுத்ததில்லை என்பார்கள். இது தற்செயல் இல்லை. பந்து வீசுவது கூலி வேலை, மட்டை பிடிப்பது துரைத்தனம். பிறகு பூனா இந்துக்கள் அணியில், ஜெயிக்கவேண்டிய கட்டாயத்தில், அவரைச் சேர்த்தார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை பிராமண ஆட்டக்காரர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கி எறிகிற மண் குவளையில் தேநீர். சாப்பாடும் தனி.

1911-இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட் எடுத்துவிட்டு வந்தவர் பாலு. அவருக்கு இந்துக்கள் அணியின் தலைமை கடைசிவரை கிடைக்கவில்லை. 1920-இல் இதைக் காரணம் காட்டி அவருடைய தம்பிகள் சிவராமும் விட்டலும் அணியைவிட்டு விலகினார்கள். கவனியுங்கள்: அணிக் கட்டுப்பாடு, தியாகம், கேப்டனுக்குப் பணிவது என்று மேடையில் சொல்கிற அத்தனை பாடங்களையும் அந்தத் தம்பிகள் மீறினார்கள். மீறியதால்தான் 1923-இல் விட்டல் கேப்டன் ஆனார், அணி கோப்பையை வென்றது. எந்த ஆண்டு விழாவிலும் இதை நல்லொழுக்கக் கதையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

கசப்பான இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் இதே பாலு. அம்பேத்கர் 13,245 வாக்கு, பாலு 11,225. பாலுவைத் துரோகி என்று எழுதுவது சுலபம், எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. 'நல்ல பிள்ளை' என்று ஒருவனைக் கைதட்டிக் கொண்டாடுகிற மைதானம், தேவைப்பட்ட நாளில் அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதுதான் எனக்குக் கவலை.

2001-இல் வந்த 'லகான்' படத்தில் கச்ரா என்று ஒரு பாத்திரம் உண்டு. பாலுவின் நிழல் என்று அதைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பெயருக்கே குப்பை என்று அர்த்தம். தீண்டத்தகாதவன் எங்களோடு ஆடுவதா என்று ஊர் முறைக்கும்போது கதாநாயகன் நீளமாகப் பேசி ஊரைத் திருத்துகிறான். கச்ரா பேசவில்லை. அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. அவனுடைய கை ஊனம். ஊனத்தால் பந்து தானாகச் சுழல்கிறது. பாலு வருசக்கணக்காக வெயிலில் வீசிக் கற்ற வித்தை, படத்தில் உடம்புக் குறையின் அதிர்ஷ்டமாகிவிட்டது! நம்மிடம் உழைப்பு இருக்கலாம், திறமை இருக்கலாம், கலை மட்டும் இருக்கக்கூடாது. பந்து வீசுகிறவனுக்கு வசனம் கொடுத்துவிட்டால் கதாநாயகனுக்கு என்ன வேலை?

இப்போது நம்ம ஆரப்பாளையத்துக்கு வருவோம். பாரதியின் 'பாப்பா பாட்டை' நாங்களும் மனப்பாடமாக ஒப்பித்தவர்கள்தான். குழந்தையின் ஒரு நாளைப் படிப்புக்கு இவ்வளவு, விளையாட்டுக்கு இவ்வளவு என்று பாகம் பிரித்துத் தருகிற பாட்டு. சாதி வேண்டாம் என்றும் சொல்கிற பாட்டு. இரண்டும் ஒரே பாட்டில் இருப்பது நல்ல விசயம்தான். ஆனால் எங்கள் தெருவில் சாயங்காலம் என்றால் குடிதண்ணிக் குழாயடி, தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்வது, அம்மா வேலை பார்க்கிற வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஒத்தாசை செய்வது. பொம்பளைப் பிள்ளைகளுக்குச் சாயங்காலமே கிடையாது. மிச்சம் கிடைத்ததில் பையன்கள் வைகை மணலில் சடுகுடு ஆடினோம், செல்லாங்குச்சி ஆடினோம். மணல் இருந்த காலம். இப்போது ஸ்மார்ட் சிட்டி என்று இரண்டு கரையிலும் சுவரும் ரோடும் வந்துவிட்டன. ஆற்றுக்குள் இறங்க வழி தேட வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட் வந்தபோது மெயின் ரோட்டுப் பையன்களோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தோம். மட்டை அவிய்ங்களது, அதனால் முதல் பேட்டிங்கும் அவிய்ங்களுக்கு. ரப்பர் பந்து. அடித்தால் பாதி அடி சாக்கடையில்தான் போய் விழும். விழுந்ததும் எல்லார் கண்ணும் எங்கள் பக்கம் திரும்பும். "ஏலேய், நீ எட்றா. ஒங்கப்பாவுக்குத்தான் பழக்கமாச்சே." என் அப்பா மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாய்ங்க. நானும் சிரித்துக்கொண்டே இறங்குவேன், ஆட்டத்தில் இருக்கவேண்டுமே. படித்த பள்ளிக்கூடத்தில் பெயர் வேறு, வேலை அதேதான். விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் சுண்ணாம்புப் பொடி வாளியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் கோடு போடுவது நானும் என் தெருப் பையன் ஒருவனும். மூன்று வருசம் கோடு போட்டோம். அந்தக் கோட்டுக்குள் ஓட ஒருமுறையும் பெயர் கூப்பிடவில்லை. பல்வாங்கர் பாலுவைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவர் எடுத்த விக்கெட் இல்லை, அவர் போட்ட கோடு.

ஆக, மைதானம் ஒழுக்கம் கற்றுத் தருகிறதா என்று கேட்டால், எனக்குக் கற்றுத் தந்தது: யார் அடிப்பது, யார் பொறுக்குவது. மெயின் ரோட்டுப் பையனுக்கும் அதே பாடம்தான், அவன் பக்கத்திலிருந்து. இரண்டு பேரும் நன்றாகப் படித்துத் தேறினோம்.

எங்கள் பகுதியில் சாயங்காலப் படிப்பு மையம் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து நடத்துகிறோம். படிப்பு முடிந்ததும் பிள்ளைகள் சந்திலேயே ஆடுவார்கள். அவர்களாகவே ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: அடிச்சவன்தான் எடுக்கணும். சாக்கடையில் விழுந்தாலும் சரி, ஓட்டு மேலே விழுந்தாலும் சரி. இதை நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் அடுத்த தெருவிலிருந்து ஆட வந்த பையன் ஓங்கி அடித்தான். பந்து சாக்கடையில். அவன் வழக்கம்போல மற்றவர்களைப் பார்த்தான். யாரும் அசையவில்லை. "அண்ணே, நீங்கதானே அடிச்சீங்க?" என்றாள் ஒரு ஆறாம் வகுப்புச் சிறுமி, அவ்வளவு மரியாதையாக. அவன் மட்டையைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். பிள்ளைகள் பந்தை எடுக்கவில்லை. அன்றைக்கு ஆட்டம் அத்தோடு நின்றது. மறுநாள் வேறு பந்து வாங்கக் காசு வசூலித்தார்கள். ஒரு பந்தின் விலை கொடுத்து விதியைக் காப்பாற்றினார்கள். ஒழுக்கக் கல்வி என்று எனக்குத் தெரிந்தது இதுதான். இதை எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது?

விளையாட்டின் விதி என்பது ஆபத்தான சமாச்சாரம், சாதிக்கு. கோட்டைத் தொட்டால் யார் தொட்டாலும் தொட்டதுதான். ஊர்ப் பையன் தொட்டால் பாதிப் புள்ளி, காலனிப் பையன் தொட்டால் கால் புள்ளி என்று கபடியில் இல்லை. ஊருக்குள் எங்குமே நடக்காத ஒன்று அந்த நாற்பது நிமிசத்துக்கு நடக்கிறது. கோட்டுக்கு வெளியே வந்ததும் கணக்குத் தீர்க்கிறார்கள். 2025 மார்ச் 10, தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் அரியநாயகிபுரம். பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதப் பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் போன தலித் மாணவனை வழிமறித்து இறக்கிக் கை விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஆதிக்க சாதிப் பையன்களின் அணியை இவன் அணி தோற்கடித்ததுதான் காரணம் என்றார்கள் வீட்டார். எழுதுகிற கையா, பிடிக்கிற கையா என்று பார்க்கவில்லை, கை என்றால் போதும்.

தோல்வியைத் தாங்கும் பண்பு, எதிராளியை மதிக்கும் பண்பு என்று மேடையில் சொல்கிறீர்களே ஐயா, இந்தப் பாடம் யாருக்குத் தேவை? ஜெயித்த பிள்ளைக்கா? நம் பிள்ளைகள் தோற்றுத் தோற்றுப் பழகியவர்கள், அதில் அவர்களுக்கு நீங்கள் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பாடம் தேவைப்படுவது நம்மிடம் தோற்கிற பிள்ளைக்கு. அதைச் சொல்லித் தர எந்த வாத்தியாருக்கும் தைரியம் வரவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தடுக்கப் போன தங்கச்சியையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டுகிற சாதிக் கலர் கயிற்றைத் தடை செய் என்றது. சரியான பரிந்துரை. கயிறு கட்டிய கையும் கட்டாத கையும் ஒரே அணியில் கைகோத்து நிற்க மைதானத்தில் என்ன செய்வது என்பது அதற்கு அடுத்த வேலை. அதை விசில் ஊதுகிறவர்தான் செய்யவேண்டும், சுற்றறிக்கை செய்யாது.

இந்த இடத்தில் நம் சமீபத்திய படங்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கவேண்டும். 2024-இல் ஜெயக்குமாரின் 'ப்ளூ ஸ்டார்', தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து', 2025-இல் மாரி செல்வராஜின் 'பைசன்'. கச்ராவிலிருந்து இது எவ்வளவோ தூரம். வசனம் நம் வாய்க்கு வந்துவிட்டது. 'லப்பர் பந்து' உள்ளூர் டீமில் இடம் மறுக்கிற சின்னத்தனத்தைச் சின்னத்தனமாகவே காட்டியது. அதில் சிரித்துக்கொண்டே ஒதுக்குகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். 'ப்ளூ ஸ்டார்' அரக்கோணத்தில் மோதிக்கொள்கிற இரண்டு அணிகளை ஒன்றாக்கி, அவர்களைவிடப் பெரிய இடத்துக்கு எதிராக நிறுத்துகிறது. ஆசை நியாயமானது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற கணக்கை அவ்வளவு சீக்கிரம் நேர்செய்துவிட முடியுமா என்று மட்டும் எனக்கு உறுத்தல்.

'பைசன்' மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவியது. அவர் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர், 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அப்பாவின் பயம். மகன் ஆடக்கூடாது என்கிறார். சோம்பேறியாகிவிடுவான் என்பதற்காக இல்லை, ஜெயித்துவிடுவான் என்பதற்காக. ஜெயித்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு பக்கம் ஒரு பி.டி. வாத்தியார். பையனைக் கண்டுபிடிக்கிறார், விடாமல் இழுக்கிறார். அந்த அப்பாவின் பயத்தையும் அந்த வாத்தியாரின் பிடிவாதத்தையும் எதிரெதிரே வைத்ததில் மாரி செல்வராஜ் ஆண்டு விழா வாக்கியத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார். ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிறகு பையனுக்குக் கிடைக்கிற மரியாதை, தங்கம் வாங்காத பையனுக்கு எப்போது? சும்மா ஆடித் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்கிற உரிமை நம் பிள்ளைக்கு உண்டா இல்லையா? மேல்சாதி வீட்டுப் பையன் சுமாராக ஆடலாம். நாம் சுமாராக ஆட அனுமதி இல்லை.

செய்தித்தாள்களின் கதை வேறு. மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். பெற்றோர் இல்லை. கூலி வேலை பார்த்த பாட்டி வளர்த்த பிள்ளை. ஆரம்பத்தில் செருப்பில்லாத வெறுங்காலோடு ஓடியவர். பத்திரிகைகள் அந்த வெறுங்காலைப் பிடித்துக்கொண்டன. மன உறுதி, விடாமுயற்சி, வறுமையை வென்ற வைராக்கியம் என்று பக்கம் பக்கமாக. வெறுங்கால் ஒரு நற்குணமாகிவிட்டது! பாட்டி அக்கம்பக்கத்து ஏச்சைத் தாங்கிக்கொண்டு பேத்தியை ஓட அனுப்பினார், பயிற்சியாளர் கண்ணன் ஷூவுக்கும் படிப்புக்கும் வழி செய்தார். இந்த இரண்டும் இல்லாவிட்டால் வைராக்கியம் சக்கிமங்கலத்தைத் தாண்டியிருக்காது. பிள்ளையின் குணத்தைப் புகழ்கிறவர்கள் ஷூ வாங்கித் தரவேண்டிய கடனிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள்.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணையில் பள்ளிக்கூடத்துக்கு மைதானம் உண்டு, விளையாட்டுச் சாமான் உண்டு, ஆறு முதல் எட்டுவரை நூறு பிள்ளைக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் உண்டு. தமிழ்நாட்டில் 2012-இல் அப்படிப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிறகு போராடிப் போராடிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வருகிற மனிதர், மிச்ச நாளில் வேறு வேலை பார்த்துப் பிழைக்கிற மனிதர், பிள்ளைகளின் குணத்தைச் செதுக்கவேண்டுமாம். அவரும் பாவம் வந்ததும் கணக்கு வாத்தியார் பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். நம் பிள்ளைகளுக்குக் கணக்கும் வருவதில்லை, ஓட்டமும் வருவதில்லை.

ஆரப்பாளையம் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நல்ல மைதானம் இருக்கிறது. காலையில் வாக்கிங் போகிறவர்களுக்குத் திறந்து விடுகிறார்கள். சாயங்காலம் நாலரை மணிக்குப் பூட்டு. பள்ளி விட்ட பிறகு அந்தப் பள்ளிப் பிள்ளைகளே உள்ளே போக முடியாது. கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள், கண்ணாடி உடையும் என்கிறார்கள். படிப்பு மையத்துப் பிள்ளைகள் 43 பேர் கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் ஆறரை வரை கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் தனியாக வேண்டும் என்று அவர்களே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்குச் சீல் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், பதில் இன்னும் வரவில்லை. இப்போதைக்குப் பின்பக்கச் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சுவர் எட்டவில்லை. வாட்ச்மேன் அண்ணன் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பழைய தார் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து சுவரோரம் கவிழ்த்து வைத்திருக்கிறார். அவருடைய பெயரை நான் எழுதவில்லை.